ஒரே தாளில் இரு கோடுகள்

எண்கள் பேசுமா? தனித்தனி அட்டவணைகளில் அடைபட்டுக் கிடக்கும்வரை அவை பேசுவதில்லை. அவற்றை ஒரே தாளில் சேர்த்து நிறுத்திப் பேச வைத்த பெருமகனார் வில்லியம் பிளேஃபேர்.

ஸ்காட்லாந்தில் டண்டீ நகருக்கு அருகிலுள்ள லிஃப் என்னும் சிற்றூரில், 1759-ஆம் ஆண்டு, பாதிரியார் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். 1772-இல் தந்தை மறைந்தார். கணித அறிஞரான அண்ணன் ஜான் அவருக்கு ஆசானானார். நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்து, அதைக் கோடாக வரையத் தம்பியைப் பழக்கினார். 1777-இல் பர்மிங்காம் சென்ற பிளேஃபேர், நீராவி எந்திர மேதை ஜேம்ஸ் வாட்டிடம் படவரைஞராகச் சேர்ந்தார்.

1786-இல் அவரது வணிக வரைபட நூல் வெளிவந்தது. அதில் 44 படங்கள். டென்மார்க், நார்வே நாடுகளுடன் இங்கிலாந்து 1700 முதல் 1780 வரை நடத்திய வாணிகத்தை ஒரு படத்தில் காட்டினார். இறக்குமதிக்கு ஒரு கோடு, ஏற்றுமதிக்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நட்டம் இலாபமாக மாறுவதைச் சிறுவனும் காணலாம்! ஸ்காட்லாந்துக்கு ஓராண்டுக் கணக்கே கிடைத்ததால், கோட்டுக்குப் பதில் பட்டைகளை வரைந்தார். வட்ட விளக்கப்படத்தை 1801-இல் தந்தவரும் அவரே.

நாடுகளின் வரவு செலவை வரைந்தவரின் சொந்தக் கணக்கோ நேராகவில்லை. தொழில்கள் நொடித்தன. கடனுக்காகச் சிறையும் கண்டார். ஆயினும் 1821-இல், அறுபது வயதைக் கடந்த பின், கோதுமை விலையைப் பட்டைகளாகவும், தொழிலாளியின் வாரக் கூலியைக் கோடாகவும், ஆண்ட மன்னர்களின் காலத்தை மேலேயும் வைத்து, 1565 முதலான வரலாற்றை ஒரே படத்தில் அடக்கினார். 1823-இல் இலண்டனில் வறுமையில் மறைந்தார்.

அந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. ஒரு வாரக் கூலிக்கு எவ்வளவு கோதுமை கிடைக்கும் என்பதே கேள்வி. அதைப் படம் நேரே சொல்லாது. பார்ப்பவர்தாம் மனத்துள் வகுத்துக்கொள்ள வேண்டும்.

இதை நான் உணர்ந்தது எங்கள் கணினிக் கூடத்தில். கொத்தனாரான என் தந்தையின் ஐந்தாண்டுக் கூலியையும், மளிகை நோட்டிலிருந்த அரிசி விலையையும் பைத்தான் மொழியில், மேட்பிளாட்லிப் நூலகத்தைக் கொண்டு ஒரே படத்தில் வரைந்தேன். கூலிக் கோடு கம்பீரமாக ஏறியது; அரிசிக் கோடு அடியில் அசையாமல் படுத்துக் கிடந்தது. வலப்புறம் இரண்டாவது அச்சு கொடுத்தேன். அரிசியும் எழுந்து நின்றது. ஆனால் அந்த அச்சின் அளவை மாற்றினால் எந்தக் கோட்டையும் எதற்கு மேலும் ஏற்றிவிடலாமே! பிறகு கூலியை விலையால் வகுத்து மூன்றாவது கோடு வரைந்தேன். அது ஏறவே இல்லை, கிடையாகவே கிடந்தது.

படத்தைத் தந்தையிடம் காட்டினேன். பள்ளி வாசலை மிதிக்காத அவர், மூன்றாவது கோட்டில் மட்டும் விரலை வைத்தார்.

நண்பர்களே! கோடுகளைச் சேர்ப்பது எளிது. எதை எதனுடன், எந்த அளவில் சேர்க்கிறோம் என்பதில்தான் உண்மை இருக்கிறது.