சிரிப்பை வரைந்த சுகுமார் ராய்

கரியாஹாட்டிலிருந்து கோல்பார்க் பக்கம் நடந்தால் நடைபாதையோரத்தில் பழைய புத்தகக் கடைகள் எதிர்ப்படும். சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை எம் இளைய மகள் அங்கே ஒரு மெல்லிய வங்கப் புத்தகத்தைப் பற்றிக்கொண்டு நகர மறுத்தாள். ‘ஆபோல் தாபோல்’ என்பது அதன் பெயர். ஏறுக்குமாறான பேச்சு என்று பொருள் கொள்ளலாம். பாதிப் பாட்டுகள் அவளுக்கு மனப்பாடம். இருபதாண்டுகளாக இந்நகரில் சம்பளம் வாங்கி உண்ணும் நாமோ, சினிமா மேதை சத்யஜித் ராயின் தந்தை என்ற அளவில்தான் அதன் ஆசிரியரை அறிந்திருந்தோம். நாணமுற்றோம். பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டவற்றை நம் குடியிருப்பு அன்பர்களுக்குச் சமர்ப்பிக்கிறோம்.

சுகுமார் ராய் 1887ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பிறந்தார். அவர் கதையை அவருடைய தந்தையார் உபேந்திர கிஷோர் ராய் சௌதுரியிடமிருந்தே தொடங்கவேண்டும். உபேந்திர கிஷோர் குழந்தைகளுக்காக ராமாயணம் எழுதி, படங்களும் தாமே வரைந்தார். அக்காலத்தில் படத்தை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சிடுவார்கள். செதுக்கியவன் கைவண்ணத்தில் அவர் சித்திரங்கள் உருக்குலைந்தன. வேறொருவராயின் விதியை நொந்துகொண்டு வாளாவிருந்திருப்பார். இவரோ சீமையிலிருந்து காமிராவும் கருவிகளும் வரவழைத்து, 1895இல் சொந்தமாகவே பிளாக் செய்யும் தொழிலைத் தொடங்கிவிட்டார்.

அந்த வித்தையை ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நெருக்கமாகக் கோடுகள் கீறிய கண்ணாடித் திரையின் வழியே படத்தைப் போட்டோ எடுத்தால், அது புள்ளிகளாகப் பிரியும். பெரிய புள்ளி இருட்டு. சிறிய புள்ளி வெளிச்சம். உபேந்திர கிஷோர் இத்துறையில் செய்த ஆராய்ச்சிகள் லண்டன் பென்ரோஸ் ஆண்டு மலரில் வெளிவந்தன. 1913இல் ‘சந்தேஷ்’ என்னும் குழந்தைப் பத்திரிகையையும் ஆரம்பித்தார். அச்சொல்லுக்கு வங்கத்தில் செய்தி என்றும் பொருள். தின்னும் இனிப்பும் அதுவே.

மகன் பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிகமும் ரசாயனமும் பயின்றவர். நண்பர்களைக் கூட்டி ‘நான்சென்ஸ் கிளப்’ நடத்தினார். அதற்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகையும் உண்டு. 1911இல் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்று, லண்டனிலும் மான்செஸ்டரிலும் அச்சுக்கலை கற்று, 1913இல் திரும்பினார். சித்திரப் பள்ளி எதிலும் அவர் பயிலவில்லை என்பது வியப்பு. 1915 டிசம்பரில் தந்தை மறையவே, பத்திரிகையும் அச்சகமும் அவர் தோளில் ஏறின.

அவர் வரைந்த பிராணிகளை என்னென்பது! வாத்தும் முள்ளம்பன்றியும் ஒட்டிப் பிறந்தது ஒன்று; யானையும் திமிங்கிலமும் கலந்தது ஒன்று; சிரிப்பதற்குத் தடை விதிக்கப்பட்ட குஞ்சுகள் சில. முதுகில் எலும்பும் காலில் பாரமும் உள்ளவைபோல் அவை மெய்யாகவே நிற்கின்றன. ‘ஹ ஜ ப ர ல’ என்னும் கதையில் சிலேட்டும் பென்சிலுமாகக் கணக்குப் போடும் ஒரு காகம் வருகிறது. நாளெல்லாம் பேரேட்டில் கூட்டல் போடும் எம்போன்ற ரயில்வே குமாஸ்தா அந்தக் காகத்தைக் கண்டு சற்று நேரம் சிரிக்கவில்லை. பிறகு நெடுநேரம் சிரித்தோம்.

1921 மே 2ஆம் நாள் புதல்வன் சத்யஜித் பிறந்தான். அதே ஆண்டில் தந்தையைக் காலா அஸார் என்னும் கொடுஞ்சுரம் பற்றியது. அதே கல்கத்தாவில், அதே காலத்தில், டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி அந்நோய்க்கு மருந்து கண்டுகொண்டிருந்தார். ஆனால் அது எங்கும் பரவி வழங்கும் காலம் வருமுன்னரே நோய் முற்றிவிட்டது. இரண்டரை ஆண்டுகள் சுகுமார் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். எழுதுவதையும் வரைவதையும் விடவில்லை. ‘ஆபோல் தாபோல்’ நூலுக்கு எந்தப் பக்கத்தில் எந்தப் படம், எங்கே இடைவெளி, அட்டை எப்படி என்பதையெல்லாம் தம் கையாலேயே மாதிரிப் பிரதியாகச் செய்து வைத்தார். தாகூர் படுக்கையருகே வந்து பாடிச் சென்றார். 1923 செப்டம்பர் 10ஆம் நாள் சுகுமார் காலமானார். வயது முப்பத்தைந்து. ஒன்பது நாள் கழித்து, 19ஆம் நாள், புத்தகம் வெளிவந்தது. அச்சேறிய பிரதியை அவர் கண்கள் காணவில்லை.

சில ஆண்டுகளுக்குள் கம்பெனி நொடித்தது; கார்பார் வீதி வீடும் அச்சகமும் கைவிட்டுப் போயின; பத்திரிகையும் நின்றது. தாயும் பிள்ளையும் பவானிபூரில் மாமன் வீட்டில் அடைக்கலம் புகுந்தனர். அப்பிள்ளைதான் 1961இல் ‘சந்தேஷ்’ பத்திரிகையை மீண்டும் தொடங்கி, அதில் தாமும் படம் வரைந்தார். அதன் காரியாலயம் பின்னர் நம் ராஷ்பிஹாரி அவென்யூவிலேயே, சுகுமாரின் தங்கை மகள் நளினி தாஸ் வீட்டில் இயங்கியது. நாம் கறிகாய்ப் பையுடன் நடக்கும் வீதி அது! 1987இல் தந்தையின் நூற்றாண்டை ஒட்டி அவர் எடுத்த சிறு படத்தில், எஞ்சிய சித்திரங்களையும் கையெழுத்துப் படிகளையும் காணலாம். சத்யஜித் மறைந்த பின் 1994இல் அமைந்த ராய் சங்கம், அவருடைய படங்களையும் தாள்களையும் பேணும் பணியை மேற்கொண்டது.

இதை எழுதுகையில் ஒன்று உறுத்துகிறது. சென்ற ஆண்டு விழாவில் நம் குழந்தைகள் வரைந்த படங்கள், பந்தல் பிரித்த மறுநாள் குப்பையோடு போயின. அள்ளிக் கொட்டியவர்களுள் நாமும் ஒருவர். இம்முறை ஒரு தகரப் பெட்டி வாங்கியிருக்கிறோம். பூட்டு உண்டு; சாவி காரியதரிசியிடம் இருக்கிறது. முதலாவதாக உள்ளே போயிருப்பது எம் மகள் பார்த்து வரைந்த வாத்து முள்ளம்பன்றி. அதற்கு ஒரு கால் குறைவு.