பிளேக் ஊசியை முதலில் தனக்கே போட்டுக்கொண்ட விஞ்ஞானி: யார் இந்த ஹாஃப்கின்?

1897 ஜனவரி 10. பிளேக் பயத்தில் பம்பாயை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறிக்கொண்டிருந்த நேரம். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் வால்டெமர் ஹாஃப்கின் தான் தயாரித்த தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். அளவு 10 மில்லி. பிறகு மற்றவர்களுக்குப் போட்டதைவிட இது அதிகம். காய்ச்சல் வந்தது, ஆனா ஆள் பிழைத்துக்கொண்டார்.

ஒடெசாவில் 1860ல் பிறந்த யூதர் இவர். படித்தது விலங்கியல், மருத்துவப் பட்டம் கிடையாது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, 1892ல் தான் கண்டுபிடித்த காலரா தடுப்பூசியையும் முதலில் தனக்கே போட்டுப் பார்த்தவர். அடுத்த ஆண்டே கல்கத்தா வந்துவிட்டார்.

பம்பாயில் கிடைத்தது சின்ன ஆய்வகம்தான். கறிச்சாற்றில் நெய்யை மிதக்கவிட்டு பிளேக் கிருமியை வளர்த்து, பிறகு சூடாக்கிக் கொன்று ஊசி மருந்தாக்கினார்.

சிறையில் நடந்தது என்ன?

அதே ஜனவரி கடைசியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் புகுந்தது. விருப்பம் உள்ளவர்கள் ஊசி போட்டுக்கலாம் என்று கைதிகளிடம் கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் முன்வந்தார்கள். ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் அதன்பின் 2 பேருக்கு மட்டும் நோய், இருவருமே பிழைத்தார்கள்.

மருந்து வேலை செய்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனா ஒரு சங்கடம் இருக்கு. வெளியே ஓட வழியில்லாத கைதி சொல்கிற ‘சரி’, உண்மையிலேயே சம்மதம்தானா? ஹாஃப்கின் தனக்குப் போட்டுக்கொண்டது அவராகவே எடுத்த முடிவு. கைதிக்கு அந்தச் சுதந்திரம் எந்த அளவுக்கு இருந்தது? இன்றைய விதிகளில் கைதிகளிடம் சோதனை நடத்த தனிக் கட்டுப்பாடுகள் இருப்பது இதனால்தான்.

முல்கோவால் மரணங்கள்

1902 அக்டோபர் 30. பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரே பாட்டிலில் இருந்து போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்துபோனார்கள். அந்த பாட்டிலின் எண் 53-என்.

பழி ஹாஃப்கின் ஆய்வகத்தின் மேல் விழுந்தது. மருந்தில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை அங்கே நிறுத்தியிருந்தார்கள், விசாரணைக் குழு அதைப் பிடித்துக்கொண்டது. அவர் பதவியை இழந்தார். ஆனா பாட்டிலைத் திறந்த உதவியாளர் இடுக்கியைத் தரையில் தவறவிட்டு, சரியாகச் சுத்தம் செய்யாமலே பயன்படுத்தியது பிறகு பேசப்பட்டது. பாட்டிலைத் திறந்தபோது கெட்ட வாடை எதுவும் இல்லை, அதனால் கிருமி கிராமத்தில்தான் புகுந்திருக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் வாதாடினார்கள். மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸும் அவருக்காகக் குரல் கொடுத்தார்.

1907ல் பழி நீங்கியது. ஐந்து வருடம் போய்விட்டது. கல்கத்தாவில் மறுபடியும் வேலை கொடுத்தார்கள். ஆனா மனிதர்களிடம் புது மருந்தைச் சோதிக்க அனுமதி தரவில்லை!

பணி ஓய்வுக்குப் பிறகு ஐரோப்பா திரும்பினார். 1925ல் பம்பாய் ஆய்வகத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று அவர் பெயரையே வைத்தார்கள். 1930ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார்.