தனித்து உலகை வலம் வந்த மாலுமி

மனத்திண்மை உடையார்க்கு மாகடலும் வழிவிடும் என்பதற்குச் சான்றாக வாழ்ந்தவர் கப்பித்தான் யோசுவா சிலோக்கம். இன்று கனடாவின் பகுதியாக விளங்கும் நோவா ஸ்கோஷியாவில் 1844ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆந் திகதி அவர் பிறந்தார். தந்தையார் சப்பாத்துத் தைப்பவர். மகனையும் அத்தொழிலிலேயே அமர்த்தினார். ஆயினும் சிறுவனின் உள்ளம் கடலையே நாடியது. பதினான்காம் வயதில் வீட்டைவிட்டோடி மீன்பிடிக் கப்பலொன்றிற் சமையற்காரனானார். தாயார் மறைந்தபின் கடலே அவருக்கு வீடாயிற்று. பள்ளிப்படிப்புச் சொற்பமே, எனினும் படிப்படியாக உயர்ந்து கப்பற்றலைவரானார்.

1871இல் சிட்னி நகரில் வேர்ஜீனியா என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் கப்பலிலேயே குடித்தனம் நடத்தி, பிள்ளைகளையும் வளர்த்தார். 1884இல் அவர் காலமானது சிலோக்கத்துக்குப் பேரிடியாயிற்று. 1887இன் இறுதியில் அவரது கப்பலும் பிரேசில் கரையிற் தரைதட்டி அழிந்தது. அவர் கலங்கினாரல்லர். 35 அடிப் படகொன்றைக் கட்டி, இரண்டாம் மனைவியையும் மைந்தர் இருவரையும் ஏற்றிக்கொண்டு 1888இல் அமெரிக்கா சேர்ந்தார். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த நாளில் அப்படகு நீரில் இறங்கியதால், அதற்கு விடுதலை எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

அக்காலத்தில் நீராவிக் கப்பல்கள் பெருகின. பாய்க்கப்பற் தலைவர்களுக்கு வேலையில்லை. 1892இல் நண்பரொருவர் கப்பலொன்று தருவதாகச் சொன்னார். சென்று பார்த்தால், வயலில் உக்கிக் கிடந்த பழைய படகு! சிலோக்கம் முகஞ்சுளிக்கவில்லை. பதின்மூன்று மாதங்கள் உழைத்து, ஏறக்குறைய 553 டொலர் செலவில் அதனைப் புதுப்பித்தார். நீளம் 36 அடி 9 அங்குலம். அதுவே புகழ்பெற்ற ஸ்பிறே.

1895 ஏப்ரல் 24இல், ஐம்பத்தொரு வயதில், பொஸ்ரன் துறையிலிருந்து தனியே புறப்பட்டார். அவருக்கு நீந்தத் தெரியாது. வழியில் வாங்கிய, முகப்பு உடைந்த மலிவுக் கடிகாரமொன்றே அவர் நேரங்காட்டி. யூலையில் நோவா ஸ்கோஷியாவை நீங்கிப் பதினெட்டு நாட்களில் அசோர்ஸ் தீவை அடைந்தார். அங்கு பெற்ற பழமும் பாற்கட்டியும் உண்டு கடும் வயிற்றுவலியால் வீழ்ந்தார். அன்றிரவு புயலில், கொலம்பசின் மாலுமியொருவன் சுக்கானைப் பிடித்து நிற்கக் கண்டதாகப் பின்னர் எழுதினார். விடிந்தபோது படகு வழிதவறாமற் சென்றுகொண்டிருந்தது.

ஜிப்ரால்ற்றரில், மத்தியதரைக் கடலிற் கொள்ளைக்காரர் உளர் என எச்சரிக்கப்பட்டதும், திரும்பி அத்திலாந்திக்கை மீண்டுங் கடந்து, ஒக்டோபரிற் பிரேசிலை அடைந்தார். மகலன் தொடுகடலில், இரவில் ஏறவருவோரைத் தடுக்கத் தளத்திற் சிற்றாணிகளைப் பரப்பிவிட்டு உறங்கினார். பாய்களைச் சமன்செய்து சுக்கானைக் கட்டிவிட்டால் ஸ்பிறே தானே நேர்வழி செல்லும். இந்து சமுத்திரத்தில் கீலிங் தீவுவரை 2,700 மைலை 23 நாட்களிற் கடந்தபோது, அவர் சுக்கானைப் பிடித்தது மூன்று மணி நேரத்துக்குங் குறைவே!

46,000 மைலுக்கு மேற் சென்று, 1898 யூன் 27இல் நியூபோட் துறையை அடைந்தார். தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவரே. 1900இல் வெளியான அவரது நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. 1909 நவம்பரில் அதே படகிற் புறப்பட்டவர் திரும்பவேயில்லை.

இளைஞர்காள்! மனைவி, கப்பல், தொழில் மூன்றையும் இழந்த ஒருவருக்கு எஞ்சியது உக்கிய மரமும் இரு கைகளுமே. அவற்றைக் கொண்டே அவர் உலகை வலம்வந்தார். கைவசம் உள்ளது அற்பமென்று நாம் சோர்ந்திருத்தல் தகுமோ?