எழுத மறுத்த உயில்

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாகாணத்தில் மவுண்ட் ஹாலி என்று ஓர் ஊர். அங்கே ஒரு கடையில் வேலை பார்த்து வந்தார், ஜான் உல்மன். 1720-ல் பிறந்தவர். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர்.

குவேக்கர் என்பது கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவு. அவர்கள் மவுனமாகக் கூடி ஜெபம் செய்வார்கள். சண்டை கூடாது என்பார்கள். ஆனால், அவர்களிலும் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள்!

உல்மன் இருபது வயதைக் கடந்த சமயம். ஒரு நாள் முதலாளி தம்மிடம் இருந்த கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, பத்திரம் எழுதும்படி உல்மனிடம் சொன்னார். வாங்கியவர் வயதானவர்; அவரும் குவேக்கர்தான். உல்மன் மன வேதனையோடு எழுதிக் கொடுத்தார். அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மதத்துக்குப் பொருந்தாது என்று இருவரிடமும் சொல்லவும் செய்தார். ஆனாலும், எழுதியது தவறு என்ற எண்ணம் அவரை விடவில்லை.

பல ஆண்டுகள் சென்றன. அக்கம்பக்கத்தவர் ஒருவர் பலமாக அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். தம் உயிலை எழுதித் தரும்படி உல்மனைக் கேட்டார். தம் அடிமைப் பெண் எந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டும் என்றும் சொன்னார்.

நோயாளியிடம் வாதாடலாமா? உல்மன், அந்த ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு உயிலை எழுதி முடித்தார். அதைப் படுக்கை அருகே கொண்டு வந்தார். ஒரு மனிதரை அடிமையாக்கும் எழுத்தைத் தம்மால் எழுத முடியாது என்று நட்போடு சொன்னார். எழுதியதற்குக் கூலியும் வாங்கவில்லை. இருவரும் மனம் விட்டுப் பேசினார்கள். கடைசியில், அந்தப் பெண்ணை விடுதலை செய்ய நோயாளி சம்மதித்தார். அதன் பிறகே உயில் பூர்த்தியாயிற்று.

பிறகு உல்மன் தெற்கு மாகாணங்களுக்குப் பயணம் செய்தார். அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளிலேயே தங்கினார். சும்மா உண்ண மனம் வரவில்லை. புறப்படும்போது, உழைத்த அடிமைகளுக்கென்று வெள்ளிக் காசு கொடுத்தார். விருந்தாளி காசு கொடுத்தால் வீட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! உல்மனுக்கும் அது சங்கடமான காரியம்தான்.

1758-ல் பிலடெல்பியாவில் கூடிய சபை, அடிமை வைத்திருப்போரை வீடு வீடாகச் சென்று சந்திக்கச் சிலரை நியமித்தது. உல்மன் அவர்களில் ஒருவர்.

1772-ல் இங்கிலாந்து சென்ற அவர், யார்க் நகரில் பெரியம்மை கண்டு இறந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1776-ல், அடிமைகளை விடுவிக்க மறுப்பவர் சபையில் இருக்க முடியாது என்று பிலடெல்பியா சபை தீர்மானித்தது.