கைதட்டலை விட்டுப் போன கிரிக்கெட் வீரர்

கோடையில் கண்மாய் வற்றிவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பையன்களுக்கு அதுதான் கிரிக்கெட் மைதானம். மூன்று கம்புகளை நட்டால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும். பந்து கரையைத் தாண்டினால் ஒரே கைதட்டல்! அதற்காகவே வெயிலையும் பசியையும் மறந்து ஆடுவார்கள்.

ஒரு நாடே கை தட்டிய வீரர் ஒருவர், அந்தக் கைதட்டல் வேண்டாம் என்று எழுந்து போனார். அவர் பெயர் சார்லஸ் ஸ்டட். நம் ஊட்டியில் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தவர்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

1860-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை எட்வர்டு ஸ்டட், பீகாரில் அவுரி பயிரிட்டுப் பெரும் பொருள் சேர்த்தவர். குதிரைப் பந்தயப் பிரியர். மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியாரின் பேச்சைக் கேட்ட பிறகு பந்தயத்தை விட்டார். மகன்களும் பின்னர் கிறிஸ்துவை ஏற்றார்கள். ஆனால் சார்லசின் மனம் முழுவதும் கிரிக்கெட்டில்தான் இருந்தது. வேத புத்தகம் ஓரத்துக்குப் போய்விட்டது.

1882, 83, 84 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணியின் கேப்டன்கள் யார் தெரியுமா? ஸ்டட் சகோதரர்கள் மூவர்! நடு ஆண்டில் சார்லஸ்.

1882-ல் அவர் ஒரே பருவத்தில் ஆயிரம் ரன்களும் எடுத்தார், நூறு விக்கெட்டுகளும் வீழ்த்தினார். ஆஸ்திரேலியர்களை எதிர்த்து இரண்டு சதங்கள் அடித்தார். அப்படிப்பட்டவரை அந்த ஆகஸ்டு மாதம் லண்டன் ஓவல் மைதானத்தில் பத்தாவது ஆட்டக்காரராக இறக்கினார்கள்! வெற்றிக்குத் தேவை 85 ரன்கள்தான். ஸ்டட் ஒரு பந்தைக்கூட ஆடவில்லை. எதிர்ப்பக்கம் விக்கெட்டுகள் சரிந்தன. 7 ரன்களில் இங்கிலாந்து தோற்றது.

இங்கிலாந்தின் கிரிக்கெட் செத்துவிட்டது, சாம்பல் ஆஸ்திரேலியா போகிறது என்று ஒரு பத்திரிகை கேலி செய்தது. சாம்பலை மீட்கப் போன அணியிலும் ஸ்டட் இருந்தார். அங்கேதான் கேப்டனுக்கு ஒரு சிறு ஜாடி பரிசாகக் கிடைத்தது.

அண்ணனின் படுக்கை

ஊர் திரும்பிய பிறகு அண்ணன் ஜார்ஜ் நோயில் விழுந்தார். பிழைப்பாரா என்பதே சந்தேகம். இரவும் பகலும் அருகே இருந்த சார்லசுக்கு ஒன்று புரிந்தது. சாகக் கிடப்பவனுக்குப் புகழ் எதற்கு? ரன் எதற்கு? அண்ணன் பிழைத்தார். தம்பி மாறிவிட்டார்.

1885-ல் கேம்பிரிட்ஜ் நண்பர்களுடன் சீனாவுக்குக் கப்பல் ஏறினார். சீனர்களைப் போல் உடுத்தினார். அந்த ஆண்டே 25 வயது நிறைந்தது. உயில்படி தந்தையின் சொத்து கைக்கு வந்தது. அதைத் தானம் செய்யப் பத்திரத்துடன் போனபோது ஆங்கிலேய அதிகாரி கையெழுத்திட மறுத்தார். இரண்டு வாரம் யோசிக்கச் சொன்னார். இரண்டு வாரம் கழித்து ஸ்டட் அதே பத்திரத்துடன் வந்து நின்றார்! 1887 ஜனவரியில் 25,000 பவுன் தருமங்களுக்குப் போனது. மீதியில் 3,400 பவுனை மணமகள் பிரிசில்லாவிடம் கொடுத்தார். அந்தப் பெண்ணோ அதையும் இரட்சணிய சேனைக்குக் கொடுத்துவிட்டார். நல்ல ஜோடி!

ஊட்டியில்

1900 முதல் 1906 வரை ஊட்டி யூனியன் சர்ச்சில் போதகர். மனைவியும் நான்கு பெண்களும் உடன் இருந்தார்கள். ஆஸ்துமா இரவில் உறங்க விடவில்லை. கிரிக்கெட் மட்டையை அவர் வெறுத்துவிடவில்லை. இந்தியாவிலும் ஆடினார். கை தட்டினாலும் தட்டாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

பிறகு ஆப்பிரிக்கா. வைத்தியர்கள் தடுத்தும் கேட்கவில்லை. 1913-ல் காங்கோ காட்டுக்குப் போனார். இங்கேதான் மனம் சற்று வலிக்கிறது. நோயாளி மனைவி இங்கிலாந்தில் இருந்துகொண்டு அவர் பணிக்கு ஆளும் பணமும் திரட்டினார். 1916-க்குப் பிறகு கணவர் ஊர் திரும்பவே இல்லை. 1928-ல் மனைவி காங்கோவுக்கு வந்தார். சேர்ந்திருந்தது இரண்டே வாரம். மறு ஆண்டு அவர் காலமானார். ஸ்டட்டின் கடுஞ்சொல்லால் உடன் உழைத்தவர்களே முகம் சுளித்ததும் உண்டு. மனிதர் புகழை உதறியவர், மனிதர் மனத்தையும் சில வேளை மறந்துவிட்டார்.

1931 ஜூலை 16-ந் தேதி, காங்கோவில் இபாம்பி என்ற ஊரில் உயிர் பிரிந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

அந்தச் சாம்பல் ஜாடி லண்டன் லார்ட்ஸ் மைதானத்துக் காட்சிசாலையில் இருக்கிறது. அரை அடி உயரம்கூட இல்லை. அதில் ஒட்டிய காகிதத்தில் ஸ்டட் சகோதரர்களின் பெயர் அச்சாகி இருக்கிறது.