அந்த விசிறி மடிப்புக்குப் பின்னால் ஒரு பெண்

போன மாதம் தங்கையின் பரதநாட்டிய உடைக்கு அளவு கொடுக்க, இங்கே பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு தையல் கடைக்குப் போனோம். தையல்கார அண்ணன் பட்டுச் சேலையை விரித்து, விசிறி மடிப்புக்கு எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டார். சோழர் காலத்திலும் இப்படித்தான் தைத்தார்களா என்று தங்கை கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால், இப்படித் தைத்துப் போடும் வழக்கத்துக்கு நூறு வயதுகூட ஆகவில்லை!

அதற்கு அடித்தளமிட்டவர்களில் முதன்மையானவர் ருக்மணி தேவி அருண்டேல். 1904 பிப்ரவரி 29-ஆம் தேதி மதுரையில் பிறந்தவர். போர் முடிந்த கையோடு, 1947-இல் அகலப் பாவாடைகளால் பாரிஸைக் கலக்கிய கிறிஸ்டியன் டியோர் இவரைவிட ஒரு வயது இளையவர். டியோரை என் வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். ருக்மணி தேவியைத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

பதினாறு வயதில் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தார், சென்னையே கொதித்தது. ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு அவரை நடனத்தின் பக்கம் திருப்பியது. அன்று சதிர் எனப்பட்ட ஆட்டத்தைத் தேவதாசி மரபுப் பெண்களே ஆடினர். ஊர் அதை இழிவாகப் பேசியது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935-இல் அடையாற்றில் மேடையேறினார். மறு ஆண்டே கலாக்ஷேத்ரா பிறந்தது.

உடை விஷயத்துக்கு வருவோம். அதுவரை கால்சட்டைக்கு மேல் கனத்த ஜரிகைச் சேலையைச் சுற்றிக் கட்டி ஆடுவார்கள். ருக்மணி தேவி கோயில் சிற்பங்களைப் பார்த்து உடையை யோசித்தார். அடையாற்றில் இருந்த ஓர் இத்தாலியத் தையல் பெண்மணி அதற்கு உருவம் கொடுக்க உதவினார். தைத்த உடை உடம்போடு ஒட்டி நிற்கும். அரைமண்டியில் உட்கார்ந்தால் நடு மடிப்பு விசிறியாக விரியும். முழங்கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது கடைசி வரிசைக்கும் தெரியும். (தப்பாக உட்கார்ந்தாலும் தெரியும்!) துணியையும் அவர் விடவில்லை. கலாக்ஷேத்ராவிலேயே தறி போட்டு, பழைய சேலைகளின் அகலக் கரைகளை மீண்டும் நெய்ய வைத்தார்.

இதில் எல்லாருக்கும் மகிழ்ச்சி இல்லை. இசை வேளாளர் மரபில் வந்த பாலசரஸ்வதி, சிருங்காரத்தைக் குறைத்து நடனத்தைத் 'தூய்மை'ப்படுத்துவதை ஏற்கவில்லை. கடைசிவரை சேலை கட்டியே ஆடினார். தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. நடனத்துக்கு மரியாதை கிடைத்தது. தலைமுறைகளாக அதைக் காத்த பெண்கள் பலர் மேடையை இழந்தார்கள். ருக்மணி தேவியை வியக்கும்போதே எனக்கு இது உறுத்துகிறது.

1960-இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். 1977-இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராகக் கேட்டபோது மறுத்துவிட்டார். 1986-இல் மறைந்தார்.

போன வாரம் உடை தயாரானது. கண்ணாடி முன் தங்கை அரைமண்டியில் உட்கார, விசிறி விரிந்தது. படித்ததை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, பாலசரஸ்வதி சேலையை எப்படிக் கட்டுவார், படம் இருக்கிறதா என்று கேட்டாள்.