கங்கையில் கலந்த ஜாஸ் மேதை

ஜாஸ் கச்சேரி மேடையில் டிரம்பெட்டும் சாக்சபோனும் முன்வரிசையில் முழங்கும். பின்னால் ஒருவர், ஆள் உயரமுள்ள வயலின் போன்ற ஒரு வாத்தியத்தை அணைத்தபடி நின்று, அதன் தடித்த தந்திகளை விரலால் சுண்டிக்கொண்டிருப்பார். அதுதான் டபுள் பாஸ். தாளத்துக்கும் இசைக்கும் அதுவே அஸ்திவாரம். ஆனால் கைதட்டல் அதற்குக் கிடைப்பது அரிது. அந்தப் பின்வரிசை வாத்தியத்தை முன்னுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சார்லஸ் மிங்கஸ்.

1922 ஏப்ரல் 22ஆம் தேதி, அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய நொகாலஸ் என்ற ஊரில் மிங்கஸ் பிறந்தார். தந்தை ராணுவ சார்ஜெண்ட். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயார் காலமானார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் வளர்ந்தார். வீட்டில் தேவாலய இசைக்கு மட்டுமே அனுமதி. ஆயினும் டியூக் எல்லிங்டன் குழுவின் இசையை ரேடியோவில் கேட்ட சிறுவனின் மனம் ஜாஸில் ஒட்டிக்கொண்டது.

நிறம் மூடிய கதவு

செல்லோ வாசிப்பதில் மிங்கஸுக்கு நல்ல தேர்ச்சி உண்டு. ஆனால் மேற்கத்திய சாஸ்திரீய இசைக் குழுக்களில் கறுப்பருக்கு அன்று இடமில்லை. எனவே நண்பர் பட்டி காலெட்டின் யோசனைப்படி டபுள் பாஸுக்கு மாறினார். ரெட் காலண்டரிடமும், நியூயார்க் பில்ஹார்மானிக் குழுவில் வாசித்த ஹெர்மன் ரைன்ஷாகனிடமும் பயின்றார்.

லூயி ஆம்ஸ்ட்ராங், லயனல் ஹாம்ப்டன் ஆகியோரின் குழுக்களில் வாசித்தும் பிழைப்பு நிலைக்கவில்லை. தபால் இலாகாவில் வேலை பார்த்தார். அங்கிருந்து அவரை மீண்டும் மேடைக்கு அழைத்து வந்தவர் ரெட் நார்வோ.

1952இல் டிரம் கலைஞர் மாக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து டெப்யூ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு மே 15ஆம் தேதி டொரொண்டோ நகரின் மாஸ்ஸி ஹாலில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, பட் பவல், ரோச், மிங்கஸ் ஆகிய ஐவரும் வாசித்தனர். புகழ்பெற்ற அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவில் பாஸ் சரியாகக் கேட்கவில்லை. மிங்கஸ் விடவில்லை. தம் பகுதியைத் திரும்ப வாசித்து அதன்மேல் சேர்த்தார்.

கவர்னருக்குக் குட்டு

1957இல் ஆர்கன்சா மாநில கவர்னர் ஆர்வல் ஃபாபஸ், லிட்டில் ராக் நகரப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சேர்வதைத் தடுக்கப் படையை நிறுத்தினார். அவரை எள்ளி நகையாடி மிங்கஸ் ஒரு பாட்டை அமைத்தார். 1959இல் கொலம்பியா வெளியிட்ட இசைத்தட்டில் மெட்டு மட்டுமே இருந்தது. சொற்களோடு பாடிய பதிவு, 1960இல் வேறொரு நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டது.

அநீதியைப் பொறாத அந்தக் கோபம், உடன் இருந்தவர்களையும் சுட்டது. 1962இல் தம் குழுவின் டிராம்போன் கலைஞர் ஜிம்மி நெப்பரை அடித்துப் பல்லை உடைத்தார். ஊதுவதே தொழிலான அவருக்கு அது பேரிழப்பு. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. ஆயினும் பல ஆண்டுகளுக்குப் பின் நெப்பர் மீண்டும் மிங்கஸுடன் வாசித்தார்.

1966இல் குடியிருந்த இடத்திலிருந்து மிங்கஸ் வெளியேற்றப்பட்டார். சாமான்கள் நியூயார்க் தெருவில் கிடந்த காட்சி டாக்குமெண்டரிப் படத்தில் பதிவாகியுள்ளது. 1971இல் கக்கன்ஹைம் உதவித்தொகை கிடைத்தது. அவரது சுயசரிதையும் அதே ஆண்டு வெளியானது.

விரல்கள் ஓய்ந்தன

1977இல் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய் கண்டது. விரல்கள் ஓய்ந்த பிறகும், மெட்டுகளை வாயால் பாடி டேப்பில் பதிவு செய்தார். 1978 ஜூனில் வெள்ளை மாளிகை ஜாஸ் விழாவுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார். ஜனாதிபதி கார்ட்டர் அணைத்துக்கொண்டபோது கண்ணீர் விட்டார்.

1979 ஜனவரி 5ஆம் தேதி மெக்சிகோவின் குவர்னவாகா நகரில், 56ஆம் வயதில் காலமானார். இளமையில் ஓவியர் ஃபார்வெல் டெய்லர் மூலம் வேதாந்தக் கருத்துகளை அறிந்தவர் அவர். அவரது விருப்பப்படியே மனைவி சூ, அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து கங்கையில் கரைத்தார்.

கல்லறை வாசகம் என்று பொருள்படும் 'எபிடாஃப்' மிங்கஸின் மிகப் பெரிய படைப்பு. 1962இல் அதன் சில பகுதிகளை அரங்கேற்ற முயன்றபோது, நகல் எடுக்கும் வேலைகூட முடியாமல் கச்சேரி குழப்பத்தில் முடிந்தது. 1989 ஜூன் 3ஆம் தேதி நியூயார்க்கில் கந்தர் ஷல்லர் தலைமையில் 30 கலைஞர்கள் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அதை வாசித்தனர். அதைக் கேட்கத்தான் மிங்கஸுக்குக் கொடுத்துவைக்கவில்லை.